டவுன்லைட் மாற்றுவதற்கு முன் சீலிங்குக்கு மேலே பாருங்கள்

மயிலாப்பூர், தி.நகர் பக்கத்துப் பழைய பிளாட்களில் பால்ஸ் சீலிங்கில் பதித்த ஹாலஜன் விளக்குகளை இன்றும் பார்க்கிறேன். 50 வாட் விளக்கு எட்டு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்! 7 வாட் எல்.இ.டி. என்றால் 17 யூனிட்தான்.

இது தெரிந்து பலரும் பல்பை மட்டும் மாற்றுகிறார்கள். அங்கேதான் சிக்கல். பழைய விளக்கில் ஊசி போல இரண்டு மெல்லிய பின்கள் இருந்தால் அது பெரும்பாலும் 12 வோல்ட் விளக்கு. சீலிங்குக்கு மேலே அதற்கொரு ட்ரான்ஸ்பார்மர் இருக்கும். எலக்ட்ரானிக் ட்ரான்ஸ்பார்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தது 20 வாட்டாவது லோடு வேண்டும். 7 வாட்டை மாட்டினால் விளக்கு சிமிட்டும். பழி எல்.இ.டி. மேல் விழும்.

என்னைக் கேட்டால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு, டிரைவருடன் வரும் முழு டவுன்லைட்டையே போடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. சீலிங் ஓட்டையின் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வாட்டைவிட லூமென் முக்கியம். ஹாலஜனின் இளமஞ்சள் பிடித்திருந்தால் 3000 கெல்வின் கேளுங்கள். 6500 என்றால் ஹால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். சி.ஆர்.ஐ. 90 கிடைத்தால் விடாதீர்கள், பட்டுப்புடவையின் அரக்கு அரக்காகவே தெரியும். கம்ப்யூட்டர் மேஜைக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், மானிட்டரில் கூசும்.