மூச்சை எண்ணி முடிவு செய்க

சளியும் காய்ச்சலும் எட்டிப்பாராத இல்லம் சந்தாபுராவில் அரிது. அவற்றுட் பல தாமே நீங்கிவிடும். நோய் நுரையீரலைப் பற்றி நிமோனியா ஆகும்போதுதான், வீட்டிலிருந்தே மருந்துண்ணலாமா, மருத்துவமனையில் சேர்க்கவேண்டுமா என்னும் ஐயம் எழுகிறது. ஊரிலாயின் கேட்டறியப் பெரியவர்கள் உண்டு. இங்கோ, ஒரு நாள் கூலி போய்விடுமே என்னும் கவலை நம்மைத் தயங்கச் செய்கிறது.

காய்ச்சலின் சூட்டினும் மூச்சின் எண்ணிக்கையே இங்குத் தக்க அளவுகோல். மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் 1988-இல் தொடங்கிய பணி இதற்குச் சான்று. அங்கே கிராமப் பணியாளர்களே குழந்தைகளின் மூச்சை எண்ணி, நோயறிந்து மருந்தளித்தனர். அவ்வூர்களில் நிமோனியாவால் நேர்ந்த குழந்தை மரணம், மற்ற ஊர்களில் நேர்ந்ததிற் பாதிக்கும் குறைவாயிருந்ததென 1990-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

குழந்தை அழாதிருக்கையில், சட்டையை உயர்த்தி, கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுக. 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவ்வெண்ணை எட்டினால் அன்றே மருத்துவரைக் காண்க. மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், பால் குடியாமை, வலிப்பு, துவண்டு கிடத்தல் இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைதான். 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60 எட்டினாலே மருத்துவமனை வேண்டும்.

பெரியவர்களுக்கு மருத்துவர்கள் ஐந்து குறிகளை நோக்குவர்: மனத்தடுமாற்றம், இரத்தத்தில் யூரியா மிகுதல், நிமிடத்திற்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, தாழ்ந்த இரத்த அழுத்தம், 65 வயது நிரம்பியிருத்தல். குறிக்கு ஒரு மதிப்பெண். ஒன்றுக்கு மிகாவிடில் பெரும்பாலும் வீட்டுச் சிகிச்சை போதும்; இரண்டாயின் மருத்துவமனையை எண்ணவேண்டும்; மூன்றும் அதற்கு மேலும் கடுமை. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் முதியோர்க்குக் காய்ச்சலே இன்றியும் இந்நோய் வரலாம். திடீரெனப் பேச்சுக் குழறினால், அதை முதுமையென்று விட்டுவிடலாகாது. நீரிழிவு, இருதய நோய் உடையோர், கருவுற்றோர், கவனிப்பார் அற்றோர் ஆகியோர்க்கு மதிப்பெண் மட்டும் போதாது. மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

வீட்டுச் சிகிச்சை என்பது மருத்துவர் பார்த்து, மருந்து எழுதித் தந்த பின்னரே. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குதல் தகாது. குறித்த நாள் வரை மருந்துண்க. இரண்டு நாளில் தேறாவிடில் மீண்டும் செல்க. இடையே மூச்சு முட்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ விடியலுக்குக் காத்திராது 108-ஐ அழைக்க, அவ்வண்டிக்குக் கட்டணமில்லை.

மூச்சின் எண்ணிக்கையை நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோதல் நன்று. கன்னடம் நன்கு பேச வாராதவர்க்கும் அத்தாள் துணையாகும். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.