மழையில் நின்ற தகுதி

“திறமை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும், முதலில் தகுதியைத் தேடிக்கொள், பிறகு உரிமையைப் பற்றிப் பேசு!”

இந்த உபதேசத்தைக் கேட்காத செவி நம்மிடையே உண்டா, தோழர்களே? கல்லூரி வாயிலில் கேட்டோம். அலுவலக வாயிலில் கேட்டோம். இட ஒதுக்கீடு என்ற சொல் எழும்போதெல்லாம் எதிரொலிபோல் எழுவதும் இந்த உபதேசம்தான். பொன் என்று சொல்லி நம்மிடம் நீட்டுகிறார்கள். பொன்னா, பித்தளையா? உரைத்துப் பார்க்க உரைகல் ஒன்று வேண்டும் அல்லவா?

அந்த உரைகல் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், டர்பன் நகரில் கிடக்கிறது. வாருங்கள், போய்ப் பார்த்து வருவோம். கப்பற் கட்டணம் வேண்டா, கடவுச்சீட்டு வேண்டா, கருத்துக் கண் திறந்திருந்தால் போதும்.

ஒருபுறம் இந்துமாக்கடலின் இரைச்சல். கடலுக்கு அருகே மணல் மேடுகள். மேடுகளின்மேல் கடலோரக் காடு. அந்தக் காட்டை ஊடுருவி, கம்பளம் விரித்தாற்போன்ற பசும்புல் பாதைகள். கிளைக்குக் கிளை தாவும் குரங்குகள். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மாளிகை. இதுதான் டர்பன் கண்ட்ரி கிளப். ஆப்பிரிக்கக் கண்டத்தின் புகழ்மிக்க கோல்ப் மைதானங்களுள் ஒன்று.

இது பிறந்த கதையே சுவையானது. 1919ஆம் ஆண்டு, டர்பனின் பழைய கோல்ப் மைதானத்தில் தென்னாப்பிரிக்க ஓபன் போட்டி நடந்தபோது, வெள்ளம் புகுந்து ஆட்டத்தைப் பாழாக்கியது. கனவான்கள் கலங்கினர், தண்ணீர் தேங்காத நிலம் தேடினர், 1922இல் கடலோர மணல் மேட்டில் இந்தக் கிளப்பைத் தொடங்கினர். ஈரத்துக்கு அஞ்சி மேட்டுக்கு வந்தவர்கள்! நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே மேட்டில், தங்கள் போட்டியில் வென்ற வீரனை மழையில் நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்கள்!

அந்தக் காட்சிக்குப் போகுமுன், இந்த மைதானத்தின் பன்னிரண்டாம் குழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோல்ப் ஆட்டத்தில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் எத்தனை அடியில் பந்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டாம் குழிக்கு மூன்று அடி. குழி இருக்கும் புல்தளம் உயரத்தில் இருக்கிறது, இருபுறமும் சரிவு. 1920களில் இங்கு வந்து ஆடிய இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னராகி முடி துறந்தாரே அவர்தான், இந்தச் சரிவில் சிக்கினார். இப்பக்கம் அடித்தால் பந்து அப்பக்கம் உருண்டது; அப்பக்கம் அடித்தால் இப்பக்கம் உருண்டது. மூன்றடியில் முடிய வேண்டியதற்குப் பத்துக்கும் மேற்பட்ட அடிகள் ஆயின.

ஆட்டத்தில் இதைவிடத் தோல்வி வேறு வேண்டுமா? ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் குழிக்கே “வேல்ஸ் இளவரசர்” என்று பெயர் சூட்டினார்கள்! திணறியவர் பெயர் திக்கெல்லாம் பரவியது. அவரிடம் தகுதி எங்கே, திறமை எங்கே என்று எவரும் கேட்கவில்லை. அரச குலத்தில் பிறந்தார், அது போதாதா? பிறவியே அவருக்குத் தகுதிச் சான்றிதழ்!

இப்போது மற்றொருவரைப் பார்ப்போம்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். ஒப்பந்தம் என்ற பெயரால் கரும்புத் தோட்டங்களுக்கு விற்கப்பட்ட கூலிகள் அவர்கள். தமிழ் பேசியவர், தெலுங்கு பேசியவர் எனப் பலர். பின்னர் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. நேட்டாலின் சர்க்கரை இனித்தது. சர்க்கரையை விளைவித்தவர் வாழ்வு கசந்தது. அந்த இந்தியச் சமுதாயத்தில், ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் சுசங்கர் சுகோலம். பப்வா என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

அவருக்குப் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. வெள்ளையர் ஆடும் மைதானத்தில், அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடக்கும் வேலை கிடைத்தது. சுமந்தார், கவனித்தார், ஆளில்லாத வேளையில் அடித்துப் பழகினார். ஆசானும் இல்லை, பாடநூலும் இல்லை. வலக்கையர் எல்லாரும் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலே இருக்கும், வலக்கை கீழே இருக்கும். பப்வா அதைத் தலைகீழாகப் பிடித்தார். வலக்கை மேலே, இடக்கை கீழே. இலக்கணம் கற்றவர்கள் பிழை என்று சிரித்திருக்கக்கூடும். பந்து சிரிக்கவில்லை, சொன்ன இடத்தில் போய் விழுந்தது!

சொந்த நாட்டில் வெள்ளையருடன் ஆட வழியில்லை. எனவே ஆதரவாளர் ஒருவரின் துணையோடு கடல் கடந்தார். 1959இல் டச்சு ஓபன் போட்டியில் வாகை சூடினார். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்பாரா? 1960இல் மீண்டும் வென்றார். 1964இல் மூன்றாம் முறையும் வென்றார். பை தூக்கியவர் கோப்பை தூக்கினார். ஐரோப்பா கைதட்டியது.

தகுதி கேட்ட தம்பிரான்களே, இதோ தகுதி! இதற்கு மேலும் ஒரு சான்றிதழ் உண்டானால் எடுத்துக் காட்டுங்கள்!

1963ஆம் ஆண்டு. நேட்டால் ஓபன் போட்டி. இடம், நாம் நின்றுகொண்டிருக்கும் இதே டர்பன் கண்ட்ரி கிளப். பப்வா ஆடினார். எந்த மைதானத்தின் மாளிகையில் அவர் இனத்தார் விருந்தினராக நுழைய முடியாதோ, அந்த மைதானத்திலேயே வெள்ளை வீரர்களை வென்றார். பரிசு வழங்கும் நேரம் வந்தது. மழையும் வந்தது.

கிளப் மாளிகைக்குள் விளக்கொளி, வெள்ளையர் கூட்டம். வெளியே மழை. வென்றவர் உள்ளே வரக்கூடாது. ஏன்? அவர் தோல் வெள்ளையன்று. இனவாரி நிலச் சட்டம் என்று 1950இல் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். எந்த இனத்தான் எங்கே வாழலாம், எங்கே நுழையலாம் என்று கோடு கிழித்த சட்டம். அந்தக் கோட்டுக்கு வெளியே, கொட்டும் மழையில் நின்றபடியே பப்வா தம் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். வென்றவர் நனைந்தார், தோற்றவர்கள் நனையாதிருந்தார்கள்.

பன்னிரண்டாம் குழியில் திணறிய இளவரசருக்குக் குழியே பெயர் தாங்கியது. பதினெட்டுக் குழியிலும் வென்றவருக்குக் கூரை இல்லை!

இன்னும் ஒன்று கேளுங்கள். அந்த நாட்டு வெள்ளையர் கிளப்புகளில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அடியெடுத்து வைத்ததே இல்லையா? வைத்தார்கள்! தட்டு ஏந்திச் செல்பவராக வைத்தார்கள். தரை துடைப்பவராக, மட்டை சுமப்பவராக வைத்தார்கள். அப்போது நிறம் ஒட்டிக்கொள்ளவில்லை, தீட்டு தொற்றவில்லை. தட்டேந்தும் கை வரலாம். கோப்பை ஏந்தும் கை வரக்கூடாது. குனிந்த தலை நுழையலாம். நிமிர்ந்த தலை நுழையக்கூடாது. அவர்கள் வெறுத்தது கறுப்பு நிறத்தை மட்டுமன்று, தோழர்களே. அந்த நிறத்துக்கு வந்த சமத்துவத்தை!

இவ்வளவுக்கும் பிறகேனும் உபதேசம் பலித்ததா? இன்னும் உழைத்து, இன்னும் வென்றால் மனம் மாறிவிடும் என்பார்களே, மாறிற்றா? பப்வா அந்தச் சோதனையையும் செய்து காட்டினார். 1965இல் அதே நேட்டால் ஓபன் போட்டியில் மீண்டும் வென்றார். இம்முறை பின்தங்கியவர் யார்? கேரி பிளேயர், அதே 1965இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்று, கோல்ப் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றவர் என்ற பெருமை பெற்றவர்! உலக வீரரையே முந்திவிட்டார் மட்டை சுமந்த பப்வா. இனிமேல் தகுதிக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

கதவு திறந்ததா? இல்லை. மைதானமே மூடப்பட்டது! வெள்ளையரின் போட்டிகளில் அவர் ஆடக்கூடாது என்று அரசு தடுத்தது. வெளிநாடு சென்று ஆடுவார் என்று கடவுச்சீட்டையும் பறித்தது. கதவுக்கு வெளியே நிறுத்தியது போதாதென்று களத்துக்கு வெளியேயும் நிறுத்தினார்கள். ஐம்பது வயதை எட்டுமுன்பே, 1978இல், பப்வா மறைந்தார்.

பித்தளை வெளுத்துவிட்டது பாருங்கள்! தகுதி இல்லாதபோது, “தகுதி எங்கே?” என்றார்கள். தகுதி வந்தபோது, “தடை எங்கே?” என்று தேடினார்கள். தாழ்த்தப்பட்டவன் தோற்கும்வரையில்தான் அது போட்டி. அவன் வெல்லத் தொடங்கிவிட்டால் சட்டம் வந்துவிடும்.

“கிளப் என்ன செய்யும்? சட்டம் அப்படி இருந்தது” என்று சமாதானம் சொல்வோர் உண்டு. சட்டம் வானத்திலிருந்து விழுந்ததா? அந்தச் சட்டத்தைச் செய்தவர்களை வாக்களித்து அனுப்பியது எந்த இனம்? சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில் கனவான்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பார்ப்போம். அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் சங்கம், வெள்ளை இனத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று 1934இல் தானே விதி எழுதியது, 1961இல்தான் நீக்கியது. அகஸ்டா நேஷனல் கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990இல். முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தது 2012இல். சட்டமா தடுத்தது? இல்லை, மனம் தடுத்தது!

ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் மியூர்பீல்டு என்றொரு மைதானம். அங்கே 2016இல் வாக்கெடுத்தார்கள், பெண்களை உறுப்பினராக்கலாமா என்று. வேண்டிய பெரும்பான்மை கிடைக்கவில்லை. உடனே, இனி பிரிட்டிஷ் ஓபன் போட்டி அங்கே நடக்காது என்று அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு, 2017இல், மீண்டும் வாக்கெடுத்தார்கள். பெண்கள் வரலாம் என்று முடிவாயிற்று! ஓராண்டுக்குள் பெண்களுக்குப் புதிதாகத் தகுதி முளைத்ததா? இல்லை, கனவான்களுக்குப் புதிதாக நட்டம் முளைத்தது.

“விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்” என்பது அடுத்த அறிவுரை. கலந்தவர் யார்? மழையில் நின்றவரா, மாளிகைக்குள் நின்றவர்களா? பப்வா கொண்டுவந்தது மட்டையும் பந்தும். அரசியலைக் கொண்டுவந்து வாயிலில் காவல் வைத்தவர்கள் அவர்கள். உலகம் அதைக் கண்டுகொண்டது. மழையில் நின்று கோப்பை வாங்கும் படம் பல நாட்டு ஏடுகளில் வெளிவந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குத் தென்னாப்பிரிக்கா வரக்கூடாது என்றார்கள். 1970இல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றினார்கள். பிறரை வாயிலில் நிறுத்தியவர்கள், உலகத்தின் வாயிலில் தாமே நின்றார்கள்.

“பழங்கதை! இன்று எல்லாம் மாறிவிட்டது” என்பாரும் உளர். ஆம், மாறியிருக்கிறது. இனவாரி நிலச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. 1994இல் எல்லா இனத்தாரும் வாக்களித்தனர். அந்தக் கிளப் வாயிலில் நிறத்தைக் கேட்டுத் தடுக்கும் சட்டம் இன்று இல்லை. டர்பனில் ஒரு கோல்ப் மைதானத்துக்குப் பப்வா சுகோலம் என்று பெயரும் சூட்டப்பட்டது. மகிழ்வோம்! ஆனால், எது மாற்றியது என்று கேட்காமல் மகிழ்வது ஏமாளித்தனம். பப்வாவின் மூன்று டச்சுக் கோப்பைகளா அந்தக் கதவைத் திறந்தன? இரண்டு நேட்டால் பட்டங்களா? இல்லை. சிறைக்கூடம் சென்றவர்களின் தியாகம் திறந்தது. குண்டடி பட்டவர்களின் குருதி திறந்தது. விளையாட மாட்டோம், வாணிகம் செய்யமாட்டோம் என்று உலகம் விதித்த புறக்கணிப்புத் திறந்தது. அது திறந்தபோது பப்வா உயிரோடு இல்லை. பெயர்ப்பலகை வந்தது, பெயருக்குரியவர் வரவில்லை.

தோழர்களே, நாம் திறமையை வெறுப்பவர்கள் அல்லர். தலைகீழ்ப் பிடியில் தரணியை வென்ற அந்த உழைப்பை வணங்கத் தெரிந்தவர்கள். படியுங்கள், பயிலுங்கள், வெல்லுங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் வெற்றி ஒன்றே விடுதலை தந்துவிடும் என்று எவரேனும் சொன்னால், அந்த மழைக்காட்சியை அவர் கண்முன் நிறுத்துங்கள். ஒரு மனிதன் உள்ளே வருவதற்குச் சாதனை படைக்க வேண்டும் என்று சொல்வதே அநீதி. இளவரசருக்கு இல்லாத நிபந்தனை, உழைப்பாளி மகனுக்கு ஏன்? வெல்லாதவனுக்கும் கூரை வேண்டும். தோற்றவனுக்கும் வாயில் திறந்திருக்க வேண்டும். அது பரிசன்று, உரிமை!

கடலோரக் காட்டை விட்டுத் திரும்புவோம். திரும்பியதும், அவரவர் வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். நம் வீட்டு வாசலில், உள்ளே வா என்ற சொல்லைக் கேட்காமலே எவரேனும் நிற்கிறாரா? வேலை முடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீருக்குத் தனிக் குவளையை எதிர்பார்த்து நிற்கிறாரா? அவரை நிற்கவைத்துக்கொண்டு, பப்வாவுக்காகக் கண்ணீர் வடிப்பதில் பயனில்லை.

மழை அங்கே மட்டும் பெய்யவில்லை. கதவைத் திறக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்!