பாரம் ஏற்றியவர் பலர். பழி ஏற்பவர் ஒருவர்

விபத்து நேர்ந்தபின் விதியை நொந்துகொள்வது எம்மவரின் வழக்கமாகிவிட்டது. லொறியிலிருந்து நெல்மூடை சரிந்து, பின்னே வந்த சைக்கிள்காரர் மீது வீழ்ந்தால் "காலம் சரியில்லை" என்கிறோம். உழவு இயந்திரப் பெட்டிக்கு வெளியே நீண்டிருந்த இரும்புக் கம்பி, இருளிற் பின்தொடர்ந்து வந்தவரின் மார்பிற் பாய்ந்தால் "அவர் பார்த்து வந்திருக்கலாமே" என்கிறோம். மூடையைக் கட்டிய கயிற்றைச் சோதித்தவர் யார்? கம்பியின் நுனியில் விளக்கோ சிவப்புத் துணியோ இருந்ததா? இக்கேள்விகள் மரண வீட்டில் எழுவதில்லை, நீதிமன்றத்திலேதான் எழுகின்றன. அங்கே விடை கூற நிற்பவர் சாரதி.

அவர் நிற்பதில் அநீதி இல்லை. வாகனத்தைச் செலுத்துதல் என்பது சுக்கானைப் பிடித்தல் மட்டுமன்று. கவனயீனமாகச் செலுத்துவதை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது. உயிர் போய்விட்டாலோ, தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு குறுக்கே வருகின்றது. இந்நாட்டுத் தெருக்களில் மோட்டார் வாகனம் உருளுமுன்னரே, 1883இல், இயற்றப்பட்ட கோவை அது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தவரை ஐந்தாண்டு வரை சிறையிலிட அது இடமளிக்கின்றது. "மூடைகளை நான் அடுக்கவில்லை, கூலியாட்களே அடுக்கினர்" என்பது அங்கே நிறைவான விடையாகாது. புறப்படலாம் என்று முடிவு செய்தவர் அவரேயன்றோ?

கனமான பாரம் தன் கனத்தினாலேயே அசையாதிருக்கும் என்று பலர் நம்புகின்றனர். இது பெரும் பிழை. தடையை அழுத்தியதும் நிற்பது வாகனம், பாரம் நிற்பதில்லை. பிரித்தானியாவிற் சாரதிகளுக்கு வகுக்கப்பட்ட நெறியின்படி, பாரம் முன்னோக்கி நகராதபடி அதன் முழு நிறையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகராதபடி அதன் அரைவாசி நிறையையும் தாங்கவல்லதாகக் கட்டு இருத்தல் வேண்டும். ஐம்பது கிலோ மூடைகள் நூறு ஏற்றினால் ஐந்து தொன். முன்னே அவ்வைந்து தொன்னையும் தடுத்து நிறுத்தும் வலு நாம் கட்டும் கயிற்றுக்கு உண்டா? மேலே குறுக்காகப் போடும் கயிறு பாரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றதேயன்றி நேரே பிடித்துவைப்பதில்லை. பிடிப்பது தட்டுக்கும் மூடைக்கும் இடையிலான உராய்வு. தட்டிலே உமியும் மணலும் கிடந்தால் அவ்வுராய்வும் குறைந்துவிடும்.

அன்றியும், ஓட்டத்தில் மூடைகள் அமர்ந்து இறங்கக் கயிறு தளர்கின்றது. இதனாலேயே அமெரிக்கச் சட்டம், புறப்பட்ட முதல் ஐம்பது மைலுக்குள், அதாவது எண்பது கிலோமீற்றருக்குள், சாரதி பாரத்தை மறுபடியும் சோதிக்க வேண்டுமென விதித்திருக்கின்றது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய அத்தனை தூரந்தான். மாங்குளத்தில் தேநீருக்காக நிறுத்தும் லொறிகள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். இறங்கியவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்ததை மிக அரிதாகவே கண்டோம். வைக்கோல் ஏற்றுவோரைப் பற்றிக் கூறாதிருப்பதே நலம். நகரும் குன்றொன்று தெருவை அடைத்துவரும் காட்சிக்கு நாம் பழகிப்போனோம்.

சாரதியின் பொறுப்பை ஒரு சிறிதும் குறைத்துக் கூற நாம் முற்படவில்லை. ஆயின் பொறுப்பு ஒருவர் தலையிலும் அதிகாரம் இன்னொருவர் கையிலும் இருப்பது எவ்வகை நீதி? ஆலை வாசலில் நடப்பதை யாவரும் அறிவர். லொறி நிறைந்தபின்னும் "இன்னும் பத்து மூடை ஏற்று" என்கிறார் ஒருவர். சாரதி தயங்கினால், "முடியாதென்றால் சொல், வேறு ஆள் இருக்கிறான்" என்ற பதில் வருகின்றது. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர் என்ன செய்வார்? ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். வேலையாள் தன் வேலையின்போது காட்டிய கவனயீனத்துக்கு எசமானும் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் நியதி. உண்மைதான்; ஆனால் மூன்றாந் திறத்தார் காப்புறுதி கட்டாயமாயுள்ள நிலையில் அப்பணத்தைப் பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனியே கொடுத்துவிடும். சாரதியின் சிறைவாசத்தை எந்தக் கம்பனி ஏற்கும்?

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவொன்றின்மூலம், ஆபத்தான பாரத்தோடு வாகனத்தைப் பயன்படுத்தியவரை மட்டுமன்றி, பயன்படுத்தச் செய்தவரையும் அனுமதித்தவரையும் குற்றவாளியாக்குகின்றது. அவுஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் நடைமுறையிலுள்ள கனரக வாகனச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சரக்கை அனுப்பியவர், பொதி செய்தவர், ஏற்றியவர், பயண நேரம் குறித்தவர் அனைவரும் அங்கே பொறுப்பின் சங்கிலியிற் கட்டுண்டவர்களே.

இதை வாசிக்கும் கமக்காரரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: இரண்டு நடையிற் கொண்டுபோக வேண்டியதை ஒரே நடையில் அனுப்பி வாடகையில் மிச்சம் பிடிக்கும்போது, அந்த மிச்சம் யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றது? சட்டத்தரணிகளும், சாரதியின் கவனயீனத்தை மட்டும் வாதிட்டு அமராது, மேலும் ஏற்றச் சொன்னவர் யார் என்பதையும் சாட்சியத்தில் வெளிக்கொணர வேண்டும்.

மாசி, பங்குனியிற் பெரும்போக நெல் தெருவுக்கு வரும். அதற்குமுன் ஒரு காரியம் செய்யலாம். மூடைத் தொகை, மொத்த நிறை, ஏற்றிக் கட்டியவர் பெயர், அனுப்பியவர் கையொப்பம் ஆகியன கொண்ட ஒரு துண்டு ஒவ்வொரு லொறிச் சாரதியின் கையிலும் இருக்கட்டும். அத்துண்டைத் தர மறுக்கும் வாசலிலிருந்து வெறும் லொறியோடு திரும்பும் சாரதிக்கு, அன்றைய கூலியை உரிமையாளர் குறைக்காது கொடுக்கட்டும்.