ஒரு ராத்தல் அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு நண்பர்களுக்குள் வாக்குவாதம். ஒருவர் சந்தையை நம்புகிறவர், இன்னொருவர் இடதுசாரி.

"உங்க மாவோ பட்டினி போட்டே எத்தனை கோடிப் பேரைக் கொன்னாரு?"

"தாது வருஷத்துல நம்ம ஊர்ல செத்தாங்களே, அது யார் கணக்கு?"

இரண்டும் நடந்ததுதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பசியால் செத்தவர்களை அவரவர் கட்சி வாதத்துக்குக் கல்லாகப் பொறுக்கிக்கொள்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தாது வருஷம் 1876. மழை பொய்த்து, சென்னை மாகாணம் காய்ந்தது. தானிய விலையில் அரசு தலையிடவே கூடாது என்பதில் வைஸ்ராய் லிட்டன் பிடிவாதமாக இருந்தார். நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இதே டெம்பிள்தான் 1874இல் பர்மா அரிசியை இறக்கி பிகாரைக் காப்பாற்றியவர். பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அப்போது அவருக்குக் கிடைத்தது ஏச்சு. இந்த முறை கையை இறுக்கிக்கொண்டார். பஞ்ச வேலைக்கு வரும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா, அவ்வளவுதான் என்றார்.

ராத்தல் என்றால் ஏறக்குறைய 450 கிராம். அடுக்களைத் தராசில் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். சுமார் 1,600 கலோரி. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கே பற்றாது. அவர்களோ வெயிலில் கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான கணிப்பு.

சீனாவில் 1958இல் மாவோ தொடங்கிய பெரும் பாய்ச்சல் திட்டத்தில் விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதினார்கள். அந்தப் பொய்க்கணக்கை வைத்தே அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. விளைவித்தவன் வீட்டில் உலை ஏறவில்லை. 1959 ஜூலையில் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது, இது தப்பு என்று மாவோவுக்குக் கடிதம் எழுதினார் பெங் தெகுவாய். பாதுகாப்பு அமைச்சர், ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை, பசி தெரிந்தவர். பதவியைப் பறித்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சாவு பெருகியது.

எதிரி திட்டினால் எந்தக் கொள்கைக்கும் வலிப்பதில்லை, அவன் அப்படித்தான் பேசுவான் என்று தள்ளிவிடலாம். சொந்த ஆள் கணக்கோடு வந்து நின்றால்தான் அதன் யோக்கியதை தெரியும். திண்ணையில் நண்பர்களிடம் அன்று நான் கேட்டது அதைத்தான்: உங்கள் பக்கத்தில் அப்படி வந்து நின்றவரை என்ன செய்தீர்கள்? இருவரும் பதில் சொல்லவில்லை.

சென்னையிலும் ஒருவர் வந்து நின்றார். அரசின் சுகாதார ஆணையர் கார்னிஷ், மருத்துவர். ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு காய்கறி, பருப்பும் வேண்டும் என்று விடாமல் எழுதினார். கவர்னர் பக்கிங்காம் அவர் பக்கம் நின்றார். 1877 மார்ச்சில், கேட்ட உயர்வில் பாதி கிடைத்தது: தானியம் ஒன்றேகால் ராத்தல் ஆனது. கூடவே 43 கிராம் பருப்பு.

அதையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி.