சீட்டு என்றாலே சூதா?



சீட்டுக்கட்டைக் கண்டாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அது அவர்கள் குற்றமல்ல. ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்த கதை எந்தத் தெருவில்தான் இல்லை? காசு வைத்து ஆடுவதைத் தடுப்பது நியாயமே. ஆனால், மூளையை மட்டுமே பணயமாக வைத்து ஆடும் சீட்டாட்டமும் ஒன்று உண்டு. அதுதான் பிரிட்ஜ். கேரம், செஸ் வரிசையில் அதற்கும் நம் பாலிடெக்னிக்கில் ஓர் இடம் வேண்டும் என்பது என் கருத்து.

"அட போப்பா, சீட்டுன்னா அதிர்ஷ்டம்தானே?" என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. உலக அணிகள் மோதும் பெர்முடா கோப்பை 1950-ல் பெர்முடா தீவில் தொடங்கியது. அணிப் போட்டியில் ஒரே சீட்டுகள் இரண்டு அறைகளிலும் ஆடப்படும். ஓர் அறையில் நம் ஜோடி வைத்திருந்த சீட்டுகள், மற்ற அறையில் எதிரணி ஜோடியின் கையில் இருக்கும். இரண்டு அறை மதிப்பெண்களுக்கும் உள்ள வித்தியாசமே கணக்கு. "எனக்கு நல்ல சீட்டு வரலே" என்ற சாக்கு அங்கே செல்லாது!

இக்கோப்பைக்குக் கறையும் உண்டு. ஜோடிகள் முகஜாடை காட்டாதபடி மேஜையின் குறுக்கே 1975-ல் திரை வைத்தார்கள். முகத்தை மறைத்தால் என்ன, கால் இருக்கிறதே! மேஜைக்கடியில் கால் அசைத்த ஓர் இத்தாலிய ஜோடி கண்டிக்கப்பட்டது. பிறகு கீழேயும் தடுப்பு வந்தது.

அதைவிடப் பெரிய புயல் 2015-ல் அடித்தது. அந்த ஆண்டு போட்டி நடந்த ஊர் எது தெரியுமா? தண்டலத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் நம் சென்னைதான்! நார்வே வீரர் போயே புரோகெலாண்ட், தன்னோடு ஒரே அணியில் ஆடிய ஜோடியையே வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவர்களோடு சேர்ந்து வென்ற பட்டங்களும் வேண்டாம் என்றார். தொடர்ந்து எழுந்த புகார்களால் இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் விலகின. போலந்தின் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. மிச்சமிருந்த நான்கே பேர் மாற்று ஆளின்றி ஆடிக் கோப்பையை வென்றார்கள்!

'கூட இருக்கிறவனைக் காட்டிக் கொடுக்கலாமா?' என்று நாம் வாய்மூடி இருப்பது வழக்கம். லேப் ரெக்கார்டிலே பொய்யான ரீடிங் எழுதும் நண்பனுக்கும் இதே சலுகைதான். நாளை ஒரகடத்தில் ஒரு பிரேக் பாகத்தை அளந்து அவன் 'சரி' என்று எழுதினால், அந்த வண்டியில் போகிறவர் கதி என்ன?

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற நம் நாட்டவர், 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும். நமக்கு வயது இன்னும் நிறைய இருக்கிறது!

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான்: இரண்டு மேஜை, இரண்டு கட்டுச் சீட்டு, காசுக்குக் கண்டிப்பான தடை. தொடங்கலாமா?