மூக்கடைத்த குழந்தைக்கு மருந்து பாட்டிலா?

கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், ஒரு மழை ராத்திரி ஏழு மாதக் கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். "மூக்கு அடைச்சுக்கிட்டு பால் குடிக்க மாட்டேங்குறான்க்கா. பெரியவனுக்கு வாங்கின இருமல் மருந்து மிச்சமிருக்கு, அரை மூடி குடுக்கட்டுமா?" என்றாள்.

"முதல்ல அந்த பாட்டிலைக் கீழே வை தாயி" என்றேன்.

2025-ல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்களே! சோதித்த சரக்கில் 'டை எத்திலீன் கிளைகால்' என்ற விஷம் 48.6 சதவீதம். நல்ல மருந்தானாலும் இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்து வேண்டாம் என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது.

பின்னே என்ன செய்வதாம்? மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுக்குமுன் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டு, இளகிய சளியை மெல்லிய துணித் திரியால் எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் பயல் பால் குடித்தான். ஒரே மூச்சில் குடிக்காவிட்டால் அடிக்கடி கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. கற்பூரத் தைலம், சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய் விடுவது, எதுவுமே வேண்டாம். (மாமியார் முகம் சுளித்தால் என் தலையில் போடுங்கள்!)

தூங்கியதும், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் மூச்சை எண்ணச் சொன்னேன். 50-ஐத் தொட்டாலோ (இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவானால் 60), மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அடைப்பு நீங்கியும் பால் குடிக்காவிட்டாலோ விடியட்டும் என்று இருக்கக் கூடாது. எங்களுக்கு ராஜாஜி ஆஸ்பத்திரி பக்கம்தான்.

எண்ணினாள். 38.

"சரி, நீயும் போய்ப் படு" என்றேன்.