பழுதுக்கு ஒரு பங்கு

அக்கா மகன் பழைய கிரெட்டா ஒன்றைப் பேசி முடித்திருக்கிறான். ஆறு வருடம் ஓடிய டீசல் வண்டி. விலை படிந்ததும் விற்பவர் இன்னொரு தாளை நீட்டியிருக்கிறார். மேற்கொண்டு முப்பதாயிரம் கொடுத்தால் ஒரு வருட வாரண்டியாம். "போட்டுடலாமா மாமா?" என்று காஞ்சிபுரம் அருகே உள்ள கூரத்திலிருந்து போன் செய்தான். பழைய எஸ்.யூ.வி. வாங்கும் வீடுகளில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பட்டு நெய்கிறார்கள், காரும் செய்கிறார்கள். கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. டஸ்டர் ஒரகடத்தில் தயாரானது. அந்த வண்டிகளே சில வருடம் ஓடியபின் கைமாறி, குறைந்த விலையில் நம் தெருவுக்கு வருகின்றன. கார் வாங்கும் ஆசை நியாயமானதுதான். வாங்கியபின் வரும் செலவில்தான் குடும்பங்கள் திணறுகின்றன.

இன்சூரன்ஸ் வேறு, வாரண்டி வேறு. முழு இன்சூரன்ஸ் இருந்தால் விபத்து, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் கியர்பாக்ஸ் தானாகப் போனால் கிடைக்காது. அந்த மாதிரிப் பழுதுக்குத்தான் வாரண்டி. அதிலும் கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி போன்ற தேயும் பொருட்கள் பெரும்பாலும் சேராது. பழைய வண்டியில் அடிக்கடி செலவு வைப்பவை இவைதான். ஆகவே முப்பதாயிரம் கட்டினாலும் வழக்கமான செலவு உங்கள் தலையில்தான் விழும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏ.சி. கம்ப்ரஸர் போன்ற பெரிய பழுதுக்கு மட்டுமே அந்தத் தாள் உதவும்.

கட்டும் பணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி., விற்பவரின் கமிஷன், நிறுவனத்தின் லாபம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் பழுது பார்க்கும் பணம். எல்லா வாடிக்கையாளரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கட்டியதைவிடத் திரும்பி வருவது குறைவாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் அந்தத் தொழில் நடக்கும். எனவே நம்மால் தாங்க முடியாத செலவுக்கு மட்டும் வாரண்டி வாங்குவதே புத்திசாலித்தனம். பொலேரோ போன்ற எளிய வண்டியை நம்மூர் மெக்கானிக்கே பிரித்துச் சேர்ப்பார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்படியல்ல, ஒருமுறை கைவிட்டால் செலவு லட்சத்தைத் தொடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி அமலானபின் வந்த டீசல் கார்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் ஓட்டாமல் ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, வாக்குக் கொடுப்பவர் யார் என்பது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. ஈகோஸ்போர்ட், எண்டெவர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பதறினார்கள். உதிரிபாகமும் சர்வீஸும் வாரண்டியும் தொடரும் என்று நிறுவனம் உறுதி சொன்னது. பெரிய நிறுவனம் வெளியேறும்போதே இவ்வளவு கலக்கம் என்றால், முன்பின் தெரியாத ஒரு வாரண்டிக் கம்பெனி கடையை மூடினால் யாரிடம் போய்க் கேட்பது? கார் தயாரித்த நிறுவனமே தரும் நீட்டிப்பு வாரண்டி இதைவிட நம்பகமானது. ஆனால் பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் அதை எடுத்திருக்க வேண்டும். பழைய ஓனர் எடுத்திருக்கிறாரா, மிச்சம் எத்தனை மாதம், ஆர்.சி. பெயர் மாறியபின் நமக்கும் செல்லுமா என்று ஷோரூமில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

வாரண்டி இல்லாவிட்டால் பழுதுக்கு நாமே பணம் ஒதுக்க வேண்டும். கூரத்திலேயே அதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் அங்கே சிவன் கோயில் எழுந்தது. அதற்கான கொடையைச் சொல்லும் கூரம் செப்பேடு, தானமாகக் கிடைத்த ஊரை 25 பங்காகப் பிரிக்கிறது. அதில் மூன்று பங்கு கோயில் வழிபாட்டுக்கும் பழுது பார்க்கவும். மண்டபத்தில் பாரதம் வாசிக்கவும் ஒரு பங்கு உண்டு. கருங்கல்லில் கட்டிய கோயிலுக்கே பழுது வரும் என்று எண்ணி, வருமானத்தை அப்போதே ஒதுக்கினார்கள். கார் வாங்குபவரும் அதைத்தான் செய்ய வேண்டும்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன முடிவு இது. வண்டிக்குக் கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது. மேனுவல் கியர். அவர்கள் நீட்டிய தாளில் பழுதுச் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, வாங்குமுன்பே இருந்த கோளாறுக்குப் பணம் இல்லை என்றும் இருக்கிறது. இந்த வாரண்டி வேண்டாம். முன்பணம் கொடுக்குமுன் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் துரு, தரைவிரிப்பில் சேற்று வாடை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி, தொடவே வேண்டாம். சர்வீஸ் சரித்திரத்தையும் கிலோமீட்டரையும் ஒப்பிட வேண்டும். வாரண்டிக்குக் கேட்ட முப்பதாயிரத்தில் இந்தச் சோதனைச் செலவு போக மீதியைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பழுது வராவிட்டால் அந்தப் பணம் அவனுடையது.

ஆட்டோமேட்டிக் வண்டி, கம்பெனியே தரும் வாரண்டி, கையில் அவசரத்துக்குப் பணம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் வாரண்டியைத் தயங்காமல் வாங்குங்கள். வாங்கியபின் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டிய ஒரு சர்வீஸே உங்கள் உரிமையைப் பறித்துவிடலாம். நியாயமான பழுதுக்குப் பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது.

எந்த வாரண்டியானாலும் முழு நிபந்தனைத் தாளை முதலில் கையில் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். பணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்று சொல்பவரிடம் வாரண்டியும் வாங்காதீர்கள், வண்டியும் வாங்காதீர்கள்.